மனைக்கு ஒரு மரம்

உங்களில் பலர் சொந்த வீடு கட்டிக் குடியேறியிருப்பீர்கள். ஏனையோர், கடல் கடந்து உழைக்கும் மகனோ கணவரோ அனுப்பும் பணத்தில் ஒரு மனையேனும் வாங்கிவிட வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் பார்க்கிறோம். வில்லங்கச் சான்று எடுக்கிறோம். தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். அந்த மனைப்பிரிவில் பூங்காவுக்கென விடப்பட்ட நிலம் எங்கே இருக்கிறது, அதில் ஒரு மரமாவது நிற்கிறதா என்று நாம் கேட்டதுண்டா? சென்ற ஆண்டு வரை நானும் கேட்டதில்லை.

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியாக ரமணாசிரமப் பகுதிக்கு வந்தவர்கள் அதன் வளர்ச்சியைக் கண்டிருப்பார்கள். வெளியூர்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் வந்து தங்குகிறார்கள். அவர்களுக்காக விடுதிகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்த வண்ணம் இருக்கின்றன. கடலைக்கொல்லையாகவும் நெல்வயலாகவும் இருந்த இடங்களில் இன்று எல்லைக்கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி, விற்பனைக்கு என்று பலகை வைத்திருக்கிறார்கள். விளம்பரத் தாள்களில் சாலையின் இருபுறமும் பச்சைப்பசேலென்று மரங்கள் நிற்கின்றன. நேரில் போய்ப் பார்த்தால் எல்லைக்கல்தான் நிற்கிறது. 2024ஆம் ஆண்டில் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தபின் மனைவிலையும் சேர்ந்தே உயர்ந்துவிட்டது.

இத்தனை கட்டடங்களுக்கு நடுவே அந்த ஆசிரமத்தின் முன்முற்றத்தில் மிகப் பழைய இலுப்பை மரம் ஒன்று இன்றும் நிழல் பரப்பி நிற்கிறது. அவர்களது வழிபாடு வேறு, நமது மார்க்கம் வேறு. ஆயினும் கட்டடம் கட்டியவர்கள் மரத்தை விட்டுக் கட்டினார்கள் என்பதை எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இன்று மலையில் தென்படும் பசுமையும் தானாக வந்ததன்று. ஆடு மாடு மேய்ச்சலாலும், விறகு வெட்டியதாலும், கோடைதோறும் காய்ந்த புல்லில் பற்றிய தீயாலும் ஒரு காலத்தில் அம்மலை மொட்டைப் பாறையாகவே இருந்தது. ஆசிரமத்தில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர் 1987இல் தம் நாட்டில் காடுகளைக் காக்கப் பாடுபட்டு வந்த ஜான் சீட் என்பவருக்குக் கடிதம் எழுதினார். அவர் அங்கே நிதி திரட்டித் தந்தார். இவ்வாறு அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் தோன்றியது. பெரிய கோயிலின் உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே நாற்றங்கால் அமைத்தார்கள். பின்னர் வேறு அமைப்புகளும் அப்பணியைத் தொடர்ந்தன. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கன்று நடுவதும், கோடை வருமுன் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவதும் இன்றும் நடைபெறுகின்றன. நட்டவற்றில் எத்தனையோ கன்றுகள் ஒரே இரவில் தீயில் கருகியதுண்டு. மறு ஆண்டு மீண்டும் நட்டார்கள்.

மரங்களுக்காக வழக்கும் நடந்தது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அகலப்படுத்தும் பணிக்காக 2016இல் மரங்கள் வெட்டப்பட்டபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதற்குத் தடை விதித்தது. பின்னர் 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில் மலைச்சரிவிலுள்ள வ.உ.சி. நகரில் பாறைகளும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடின. 7 பேர் மாண்டனர். அவர்களுள் 5 பேர் சிறு பிள்ளைகள். மரமிருந்தால் அச்சரிவு நேர்ந்திராது என்று நான் கூறமாட்டேன்; அத்தகைய மழைக்கு முன் எது நிற்கும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மலைச்சரிவில் வீட்டின் மேல் வீடாக ஏறிப் போவதைக் கண்டும் காணாமல் இருந்தோம் என்பதை மறுக்க முடியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இது சற்று வறண்ட செய்திதான். ஆனால் உங்கள் பணம் இதில் அடங்கியிருப்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2019இல் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 75 சென்ட்டுக்கு, மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்டிருந்தால், இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டிவிடலாம். அதற்கு மேற்பட்டதாயின் பணம் செல்லாது; நிலத்தையே தானப்பத்திரம் பதிவு செய்து உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். நான்கு ஏக்கர் மனைப்பிரிவில் சாலைகளுக்கு ஓர் ஏக்கர் போனால், 30 சென்ட் பூங்கா இருக்க வேண்டும் என்று பொருள். அந்த 30 சென்ட் எங்கே என்று கேட்பது உங்கள் உரிமை.

மரத்துக்கும் கணக்கு உண்டு. மைய அரசு 2016இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகள் 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம் என்கின்றன. மாதிரி என்பதால் அவை மாநிலங்களுக்கு வழிகாட்டியே, தாமாகவே கட்டுப்படுத்தமாட்டா. ஆனால் 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டும் பெரிய கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் இசைவு பெற வேண்டும். அந்த இசைவில் இதே கணக்கு நிபந்தனையாக எழுதப்படுவது வழக்கம். நம் 1,200 சதுர அடி மனைக்கு இதைப் பொருத்தினால் ஒரு மரம் கட்டாயம் வரும். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, இருந்தால் இரண்டுக்குக் குறையாது.

பூங்கா நிலத்தை வேறு எதற்கேனும் திருப்பிவிடலாமா? பெங்களூரில் ஒரு பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கினார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்றுதான் நமக்கும் தோன்றும். ஆனால் அப்பகுதி மக்கள் வழக்காடினர். 1991இல் உச்சநீதிமன்றம், மக்களுக்கென விடப்பட்ட பூங்காவைத் தனியாருக்குத் தாரை வார்க்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்ற பொருளில் தீர்ப்பளித்து அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. பள்ளிவாசலுக்காக, மதரஸாவுக்காக என்று நம்மவர்களே பூங்கா நிலத்தின்மீது கண்வைக்கும்போது இத்தீர்ப்பை நினைவில் கொள்வது நல்லது. இதை எழுதுவதால் சிலர் என்மீது வருத்தப்படலாம்; பரவாயில்லை.

பொதுநிலத்தைக் காத்து வைப்பது நமக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் இரு கருங்கல் பூமிகளுக்கு இடைப்பட்ட பகுதியைப் புனித எல்லையாக்கி, அங்குள்ள மரங்களை வெட்டலாகாது என்று தடுத்தார்கள். நகீஉ என்னும் மேய்ச்சல் வெளியைப் பொதுக் குதிரைகளுக்காக ஒதுக்கினார்கள். கிணறு தோண்டியவருக்கு அதைச் சுற்றி 40 முழம், கால்நடைகள் தங்குவதற்கென உரிமையாகும் என்ற அறிவிப்பு இப்னுமாஜாவில் உண்டு. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ கால்நடையோ பறவையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்துடைய நபிமொழியை மதரஸாவின் சிறு பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஒப்பித்த பிள்ளைகள் வளர்ந்து வீடு கட்டும்போது, வாசல் முதல் கொல்லைவரை சிமெண்டுத் தளம் போட்டுவிடுகிறார்கள்.

என் மாணவன் ஒருவனின் தந்தை, சவூதியில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியவர், செங்கம் சாலைக்கு அப்பால் ஒரு கிரவுண்டு வாங்கியிருந்தார். சென்ற ஆண்டு வரைபடத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மனையின் முன்மூலையில் முதிர்ந்த வேம்பு ஒன்று நின்றது. சரியாக அந்த இடத்தில்தான் கார் நிறுத்தும் முகப்பு வருகிறது; மரத்தை எடுத்துவிடுங்கள் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். "ஹஜ்ரத், வெட்டுவது குற்றமாகுமா?" என்று கேட்டார். உங்கள் மனை, உங்கள் மரம், தேவைக்காக வெட்டினால் குற்றமென்று நான் எப்படிச் சொல்வேன் என்றேன். உடன் வந்திருந்த அவர் துணைவியார், "காரே இன்னும் வாங்கவில்லையே, ஹஜ்ரத்!" என்றார். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

முகப்பு எட்டடி தள்ளிப் போயிற்று. வேம்பு நிற்கிறது. பின்புறம் முருங்கையும் எலுமிச்சையும் வைத்தார்கள். பெண்மக்கள் விருப்பப்படி ஒரு மருதாணியும் வந்தது. நீங்களும் வைக்க விரும்பினால் ஒன்று சொல்கிறேன்: ஆல், அரசு போன்றவற்றைச் சுவருக்கருகே வைத்துவிடாதீர்கள், அவற்றின் வேர் அடித்தளத்தைப் பிளக்கும். புங்கனும் நாவலும் பெருமரங்கள். தெருவோரத்துக்கும் பூங்காவுக்கும் அவை பொருந்தும். குழி மூன்றடி ஆழம் இருக்கட்டும். கன்றுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லாதீர்கள். ஐந்து வேளையும் ஒளூச் செய்யும் நீர் எங்கே போகிறது? அந்த வீட்டில் அக்குழாயின் வடிகாலை முருங்கைக்குத் திருப்பியிருக்கிறார்கள். மழைநீர் சேமிப்பை அரசு 2003இல் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை என்று கொண்டால், 1,200 சதுர அடி மாடியில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. அதை வேரடியில் இறக்கினால் கிணறும் பிழைக்கும், மரமும் பிழைக்கும்.

பூங்காவின் கதை மட்டும் முடியவில்லை. அதே மனைப்பிரிவின் வரைபடத்தில் பச்சை வண்ணமிட்ட கட்டம் ஒன்று இருக்கிறது. அவ்விடத்தில் இப்போது ஜல்லியும் சிமெண்டுக் குழாய்களும் குவிந்து கிடக்கின்றன. தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தோம், பதிவாகியிருக்கிறது. அங்கே வசிக்கும் பதினொரு குடும்பத்தினர், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். நான்கு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் ஒருவர் வந்து அளந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். வேலியோரமாக நடுவதற்குப் புங்கன் கன்றுகள் இருபதை அந்தச் சகோதரர் வாங்கித் தம் வேம்படியில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி வருகிறார்.