பங்கு வாங்குமுன் களத்தில் விசாரணை

ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆண்டறிக்கை விற்பனையையும் இலாபத்தையும் சொல்லுமேயன்றி, அதன் பொருளை வாங்கியவர் மறுமுறையும் அதையே நாடுவாரா என்பதைச் சொல்லாது. அதை நேரில் விசாரித்தே அறிய வேண்டும் என்று அமெரிக்க முதலீட்டு ஆலோசகர் பிலிப் ஃபிஷர் 1958இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். அவர் இம்முறைக்கு இட்ட 'ஸ்கட்டில்பட்' என்னும் பெயர், கப்பலில் மாலுமிகள் கூடிப் பேசும் குடிநீர்த் தொட்டியைக் குறித்துப் பின்னர் அப்பேச்சையே குறிக்கலான சொல்லாகும்.

வாடிக்கையாளர், மூலப்பொருள் தருவோர், முன்னாள் ஊழியர் ஆகியோரிடம் விசாரிப்பதோடு, ஒரு துறையின் ஐந்து நிறுவனங்களிடம் மற்ற நான்கின் பலத்தையும் பலவீனத்தையும் கேட்டால் வியக்கத்தக்க தெளிவான சித்திரம் கிடைக்கும் என்பது ஃபிஷரின் கருத்து. விலகிய ஊழியரின் மனக்கசப்பைக் கழித்தே அவர் சொல்லை எடைபோட வேண்டும் என்றும், தகவல் தந்தவரின் பெயரை வெளியிடலாகாது என்றும் அவர் எச்சரித்தார்.

இன்று கைபேசியைத் திருகாணி கழற்றிப் பிரித்து, உள்ளிருக்கும் சில்லுகளின் மேல் பொறித்த குறியீடுகளைப் படித்து, எந்த நிறுவனம் ஆர்டரைப் பெற்றது, எது இழந்தது என்று கண்டறிவதும் இவ்வகை ஆய்வே. எனினும் ஒரே கடையின் கூட்டத்தை நாடெங்குமுள்ள விற்பனையாகக் கொள்வது பெரும்பிழை. நிறுவனத்தின் உள்ளிருப்பவர் கசியவிடும் வெளியிடப்படாத முக்கியத் தகவலை வைத்துப் பங்கு வாங்குவதோ, அமெரிக்காவிலும் இந்தியாவிலும் சட்டப்படி குற்றமாகும்.