புதிய வீடியோ விளையாட்டை மதிப்பிடுவது எப்படி?

புதிய வீடியோ விளையாட்டு ஒன்று வெளிவரப்போகிறது. முன்னோட்டத்தைப் பார்த்ததுமே வாங்கிவிடத் தோன்றுகிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள்! உங்கள் கருவியில் அது நொடிக்கு எத்தனை படங்களைக் காட்டும் என்று முதலில் கேளுங்கள்.

திரைப்படத்தில் நொடிக்கு 24 நிலைப்படங்கள் ஓடுகின்றன. விரைந்தோடும் பொருள் ஒவ்வொரு படத்திலும் சற்று மங்கலாகப் பதிகிறது; அந்த மங்கலே அசைவைத் தொடர்ச்சியாகக் காட்டுகிறது. விளையாட்டில் நிலைமை வேறு. ஒவ்வொரு படத்தையும் கருவி அவ்வப்போது கணக்கிட்டு வரைகிறது. நீங்கள் பொத்தானை அழுத்தியதன் விளைவு அடுத்த படம் வரும்வரை திரையில் தெரியாது.

நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்தை வரைய ஏறத்தாழ 17 மில்லிநொடிதான் கிடைக்கும். 30 படங்கள் எனில் 33 மில்லிநொடி. கூட்டம் நிறைந்த தெரு, மழை, நிழல் எல்லாம் சேர்ந்து ஒரு படத்துக்கு 50 மில்லிநொடி பிடித்தால், வேகம் 20 படங்களாகக் குறையும். காட்சி திக்கும், ஆடுபவரின் கை பிசகும்.

2020 டிசம்பர் 10இல் வெளிவந்த 'சைபர்பங்க் 2077' திறன்மிக்க கணிப்பொறிகளில் ஓரளவு சீராக ஓடியது. ஆனால், 2013ஆம் ஆண்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4இல் தடுமாறியது, பிழைகளும் மலிந்திருந்தன. அதே மாதத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் அங்கே விற்பனைக்கு வந்தது.

ஆகவே, உங்களிடம் உள்ள அதே வகைக் கருவியில் பிறர் ஆடுவதைப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். இரண்டு வாரம் காத்திருப்பதால் விளையாட்டு பழையதாகிவிடாது!