புதிய மேசைக் கணினி: ரேம் எவ்வளவு, பழைய கோப்புகள் திறக்குமா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதனால்தான் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பெற்றோர்கள் பலர், "டீச்சர், எஸ்பிஎம் எழுதுற பிள்ளைக்கு எந்தக் கணினி வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். நம் ஆசிரியர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் ரேம். விண்டோஸ் 11 நிறுவ 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. நிறுவத்தான் போதும், வேலை செய்யப் போதாது. டெலிமாவில் நுழைந்து, கூகல் மீட்டில் வகுப்பு நடத்தி, பக்கத்தில் வேர்டையும் நாலைந்து உலாவித் தாவல்களையும் திறந்தாலே 4 ஜிபி திணறும். மாணவருக்கு 8 ஜிபி. வினாத்தாள் தயாரித்து, காணொலியும் வெட்டி ஒட்டுகிற ஆசிரியருக்கு 16 ஜிபி. 32 ஜிபி வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், எதற்கு என்று கேளுங்கள்.

கையில் காசு குறைவா? இரண்டு ரேம் துளைகள் உள்ள தாய்ப்பலகையாகப் பார்த்து, இப்போது ஒரு 8 ஜிபி மட்டும் போடுங்கள். பிறகு அதே வகையில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தால், இரண்டும் இணைந்து இயங்கி வேகமும் கூடும். வேகம் வெவ்வேறாக இருந்தால் இரண்டுமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெட்டுக்குறியே இடம் மாறியிருக்கும், அழுத்தி நுழைக்காதீர்கள். மடிக்கணினி ரேம் நீளத்தில் குட்டையானது, மேசைக் கணினியில் உட்காராது.

ரேமைவிட ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் "ஐ5, 8 ஜிபி" என்று மலிவாகக் கிடைக்கின்றன. ஐ5 என்பது மட்டும் ஒன்றும் சொல்லாது. அதன் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை. ஐ5-8400 எட்டாம் தலைமுறை. ஐ5-12400 பன்னிரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இலவசம்தான், சில நிமிட வேலை. தோட்டத்துக் குடும்பம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம், கேட்பதில் வெட்கம் எதற்கு?

இனி நம் தமிழ். 1985-இல் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு, பின்னர் முரசு அஞ்சலாக நம் பள்ளிகளில் வேரூன்றியது. யூனிகோடு பரவும் முன் தட்டச்சு செய்த பல வினாத்தாள்களும் கட்டுரைத் தொகுப்புகளும் டிஸ்கி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போச்சு என்று அழித்துவிடாதீர்கள்! எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும் முன் அதன் எழுத்துருக் கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்து, புதியதில் நிறுவுங்கள். தமிழ் தெரிந்ததும் குறியாக்க மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். மாற்றியை அப்படியே நம்பி அச்சுக்கு அனுப்பினால், சோதனை மண்டபத்தில் மாணவர்தான் முழிப்பார்.

மென்பொருள் பக்கம் ஒன்று. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. 32-பிட் மென்பொருள்கள் பெரும்பாலும் அதில் ஓடும். விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் மென்பொருள்கள் ஓடாது. தட்டச்சுக்குக் கவலை வேண்டாம்: தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸ் 11-இல் உள்ளேயே இருக்கின்றன, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். வினாத்தாளை வேறு பள்ளிக்கு அனுப்பும்போது மட்டும் எழுத்துருவை உள்பொதித்துப் பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.