கட்டுப் போட்ட கணுக்கால்

வெள்ளியங்கிரி மலைக்குப் புறப்படுகிறவர்களைப் பூண்டி அடிவாரத்தில் நின்று சற்றே கவனித்துப் பாருங்கள். நெற்றியில் விபூதி, கையில் மூங்கில் தடி. இவை நெடுநாளாக உள்ளவை. இப்போது மூன்றாவதாக ஓர் ஆபரணமும் சேர்ந்திருக்கிறது. முழங்காலில் கறுப்பு உறை, கணுக்காலில் இழுபடும் துணிப்பட்டை! மருந்துக் கடையில் இவற்றை வாங்கி மாட்டிக்கொண்டால் ஏழு மலையும் தாண்டிவிடலாம் என்பது அநேகருடைய எண்ணம். ஒரு காலத்தில் என் எண்ணமும் அதுவே.

2019-ஆம் வருஷம் மாசி மாதத்தில் நானும் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரும் அம்மலைக்குச் சென்றோம். இரண்டாவது மலையில் ஒரு கல் புரண்டு, நண்பருடைய வலது பாதம் உட்புறமாக மடங்கிற்று. "ஸார், இதோடு திரும்பிவிடலாமா?" என்று கேட்டார். நான் பையிலிருந்த கிரேப் பட்டையை எடுத்து இறுகச் சுற்றி, "இனி இது இரும்புக் கால், நடங்கள்!" என்றேன். வலி அடங்கிவிட்டதுபோல் அவருக்கும் தோன்றிற்று. உச்சி சேர்ந்தோம். இறங்கும்போது ஐந்தாவது மலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தோள் கொடுத்துக் கீழே கொண்டுவந்தோம். எக்ஸ்-ரே படத்தில் கணுக்காலின் வெளிப்புற எலும்பில் விரிசல் தெரிந்தது. மூன்று மாதம் அவருடைய வகுப்புகளையும் நானே எடுத்தேன். அது பிராயச்சித்தமாகாது என்பது எனக்குத் தெரியும்.

கானடாவிலுள்ள ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992-ஆம் வருஷத்தில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். அடிபட்டவரால் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் முட்டி எலும்புகளின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எலும்பைப் படம் பிடித்துப் பார்க்கவேண்டும். அன்று நான் அழுத்திப் பார்க்கவில்லை, கட்டத்தான் அவசரப்பட்டேன்.

கட்டுக்குப் பயனே இல்லையா என்றால், உண்டு. முன்பு சுளுக்கி ஆறிய கால் மறுபடி சுளுக்காமல் காப்பதில் அது மெய்யாகவே உதவுகிறது. பாதம் சாயும் திசையைத் தோல் வழியாக நமக்கு நினைவூட்டுகிறது. ஆயினும் பசை பூசிய நாடா அரைமணி நேர நடையிலேயே தளரத் தொடங்கும். கயிறிட்டு முடியும் உறையானால் நடுவில் நின்று இறுக்கிக்கொள்ளலாம். பட்டையை விரல் பக்கம் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றவேண்டும். விரல்கள் நீலம் பாரித்தாலும் மரத்தாலும் உடனே தளர்த்தவேண்டும்.

முழங்காலின் கதை வேறு. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போதுதான் முழங்கால் வாங்கிக் கட்டிக்கொள்கிறது. படி இறங்குகையில் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட பாரம் அதன்மேல் விழுகிறது. உறை வெதுவெதுப்பும் தைரியமும் தரும், பாரத்தை வாங்கிக்கொள்ளாது. பழைய மூங்கில் தடியோ அதில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றிவிடுகிறது. விலையும் குறைவு!

2023-இல் நண்பர் மறுபடியும் மலைக்குப் புறப்பட்டார். அதற்குமுன் இரண்டு மாதம் ஆசிரியர் அறையில் தினந்தோறும் ஒற்றைக் காலில் நின்று பழகினார். சுளுக்கு திரும்பாமலிருக்க வைத்தியர் சொன்ன பயிற்சி அது. பையன்கள் 'கொக்கு ஸார்' என்று பெயர் சூட்டினார்கள். மூன்றாவது மலையில் கால் லேசாக வலித்ததும் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் பையைத் திறக்கவில்லை. இருவரும் மெள்ள இறங்கிவிட்டோம்.