கறுப்பு ஓப்பலுக்குள் சர்க்கரை எப்படி வந்தது?

சிட்னி நகைக்கடைகளில் கறுப்பு ஓப்பலின் விலை மலைக்க வைக்கும். நியூ சவுத் வேல்ஸின் லைட்னிங் ரிட்ஜ் சுரங்கங்கள் அதற்குப் பேர்போனவை. தெற்கு ஆஸ்திரேலியாவின் அண்டமூக்காவிலோ வெளிறிய, நுண்துளைகள் நிறைந்த ஓப்பல் மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கறுப்பாக்க உதவுவது சாதாரணச் சர்க்கரை!

கல்லைச் சூடான சர்க்கரைக் கரைசலில் நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு அடர் கந்தக அமிலத்தில் இட்டுச் சூடாக்குவார்கள். சர்க்கரையிலுள்ள ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அமிலம் நீராகப் பிடுங்கிக்கொள்ள, துளைகளுக்குள் கரி மட்டும் தங்கும். (வீட்டில் செய்து பார்க்கிற வேலையல்ல.)

கரி எதற்கு? ஓப்பலின் வண்ணங்கள் சாயமல்ல. சுமார் 150 முதல் 300 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா உருண்டைகள் சீராக அடுக்கப்பட்டிருப்பதால், அவற்றில் பட்ட ஒளி நிறம்நிறமாகப் பிரிகிறது. மெல்பர்னில் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் விஞ்ஞானி சாண்டர்ஸ் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 1964இல் வெளியிட்டார். வெளிறிய கல்லில் சிதறும் வெள்ளொளி இந்த வண்ணங்களை மங்கடிக்கும். கரி அதை உறிஞ்சிவிட்டால் சிவப்பும் பச்சையும் பளிச்சிடும்.

ஆக, நிறம் அசல், பின்னணிதான் ஒப்பனை. ஹவுலைட் கல்லுக்கு நீலச் சாயமேற்றி டர்க்காய்ஸ் என்று விற்பதைவிட இது கொஞ்சம் கண்ணியமான வேலை. சொல்லி விற்றால் குற்றமே இல்லை. சொல்லாவிட்டால், 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள்: வண்ணங்களுக்கு நடுவே மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும்.