உயிர் காப்பவர்களின் மனத்தைச் செயலி காக்குமா?

2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை கோவிட்-19 நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. அந்நாளில் நாம் தொற்று எண்ணிக்கையைத்தான் தினமும் பார்த்தோம். பாதுகாப்பு உடைக்குள் மணிக்கணக்கில் நின்ற தாதியரும் மருத்துவர்களும் மனத்தளவில் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

பிரிக்பீல்ட்ஸில் என்னோடு தங்கியிருக்கும் தோழிகள் இருவர் தாதிமை பயில்கிறார்கள். இரவுப் பணி முடிந்து வந்தாலும் அவர்களுக்கு உடனே தூக்கம் வருவதில்லை. ஆலோசகரைப் பார்க்கலாம் என்றால் நேரம் ஒத்துவராது. மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமோ என்ற தயக்கமும் உண்டு. கைப்பேசியோ எந்நேரமும் கையில் இருக்கிறது. செயலிகள் மீது நம்பிக்கை பிறந்ததற்கு இதுவே காரணம்.

2020-இல் பிரிட்டன் தன் பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தியானம் பழக்கும் ஹெட்ஸ்பேஸ், தூக்கமின்மைக்கு உதவும் ஸ்லீப்பியோ ஆகிய செயலிகளை இலவசமாக வழங்கியது. அமெரிக்கத் தற்காப்புத் துறை உருவாக்கிய புரொவைடர் ரெசிலியன்ஸ் செயலியில் ஒரு கடிகாரம் உண்டு. கடைசியாக விடுமுறை எடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று அது எண்ணிக் காட்டும்!

பலன் உண்டா? ஸ்பெயினில் 482 சுகாதாரப் பணியாளர்களிடம் சைகோவிட்ஆப் என்ற செயலி 2 வாரங்கள் சோதிக்கப்பட்டது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால், ஏற்கெனவே மனநல மருந்தோ உளவியல் சிகிச்சையோ பெற்றுவந்தவர்களிடம் முன்னேற்றம் காணப்பட்டது. இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: செயலி சிகிச்சைக்குத் துணை நிற்கலாம், சிகிச்சைக்கு மாற்றாகிவிடாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம், 'பர்ன் அவுட்' எனும் பணிச்சோர்வை வேலையிடத்தோடு தொடர்புடைய நிலை என்று வகைப்படுத்தியது. ஆள் பற்றாக்குறையும் நீண்ட பணி நேரமும் தீராமல், "மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னால், பாரம் மீண்டும் அந்தத் தாதியின் தோளில்தான் விழும்.

மருத்துவம், தாதிமை, மருந்தகத் துறைகளைத் தேர்ந்தெடுக்கவிருக்கும் மாணவர்களே, ஒரு செயலியைப் பதிவிறக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் உருவாக்கியது? நான் தரும் பதில்களை யார் பார்க்க முடியும்? நெருக்கடி வந்தால் அது என்னை ஒரு மனிதரிடம் கொண்டு சேர்க்குமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். நம் நாட்டில் சுகாதார அமைச்சின் 15555 எனும் ஹீல் தொலைபேசிச் சேவை 2022 முதல் இயங்குகிறது. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். இரண்டையும் இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தாதியோ மருத்துவரோ இருந்தால், அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.