குளிர் தோண்டிய அறை

நாலு சுவர் – 17

மொட்டைமாடி வெயிலைப் போன வாரத்தோடு முடித்தோம். இந்த வாரம் தரைக்குக் கீழே இறங்குகிறோம்.

இறங்க வைத்தவர் மோகனூர் வாசகி ஒருவர். அவருடைய மகள் டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், ஒரு வீட்டு நிலவறையில் வாடகைக்கு இருக்கிறார். “ஜூலை மாசத்துல செவுரெல்லாம் வேர்க்குதாம், தொவைச்ச துணி காய மாட்டேங்குதாம். அது மனுசர் குடியிருக்கற எடமாங்க?” என்று கேட்டார். குடியிருக்கிற இடம்தான். 1983க்குப் பிறகு கனடா போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்த ஊரில் முதல் உலை வைத்தது இப்படிப்பட்ட நிலவறைகளில்தான். அப்படிப்பட்ட நிலவறையை அழகாக்குவது பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அங்கே வீட்டுக்கு வீடு நிலவறை ஏன் என்று தேடப்போய்க் கிடைத்த சேதியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

குளிர்தான் காரணம். டொரண்டோவில் பனிக்காலத்தில் மண்ணே உறைந்துவிடும். அஸ்திவாரத்தின் அடி அந்த உறைமட்டத்துக்குக் கீழே போய் உட்கார வேண்டும். அங்கே வழக்கமான ஆழம் 1.2 மீட்டர், நம் கணக்கில் நாலடி. நாலடி எப்படியும் தோண்டத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், கூடக் கொஞ்சம் தோண்டி ஓர் அறையையே எடுத்துக்கொள்ளலாமே!

சரி, மண் உறைந்தால் வீட்டுக்கு என்ன? தண்ணீர் பனிக்கட்டி ஆகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். மண் உறையும்போது தரை வீங்கி எழும்புவது அதனால்தான் என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் அதைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீனில் நனைத்த மண்ணை உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். மண்ணும் அமுங்கியிருக்க வேண்டும். அமுங்கவில்லை, மேலே எழும்பியது! 1930இல் அவர் வெளியிட்ட ஆய்வு, தரையைத் தூக்குவது வெறும் பெருக்கம் அல்ல என்று காட்டிவிட்டது. உறைகிற இடம் அடியில் இருக்கும் ஈரத்தை விடாமல் தன் பக்கம் இழுக்கிறது. வந்த ஈரம் வில்லை வில்லையாக உறைந்து, அடுக்கடுக்காகத் தடித்துக்கொண்டே போகிறது. ரோட்டையும் திண்ணையையும் ஆழமில்லாத அஸ்திவாரத்தையும் நெம்பித் தூக்குவது அந்தத் தடிப்பு. வண்டல் போன்ற பொடிமண்ணில் இது அதிகம், பருமணலில் குறைவு. ஒரு ஊரில் வீடுகள் எந்த வடிவத்தில் எழ வேண்டும் என்பதை, கண்ணுக்குத் தெரியாத ஈரம் தீர்மானித்திருக்கிறது.

மோகனூரில் மண் உறைவதில்லை. காவிரியை ஒட்டிக் குழி பறித்தால் ஊற்றுதான் வரும். இங்கே வீடு கட்டுகிறவரின் கவலை முழுக்கப் பேஸ்மட்டத்தை இன்னும் ஓரடி தூக்கலாமா, எத்தனை லோடு கிராவல் கொட்டலாம் என்பதில்தான். நியாயமான கவலை. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் இதே மாவட்டத்தில், குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்ததைப் பார்த்தோம். நம் பக்கமும் தரையைத் தோண்டாமல் இல்லை: கொங்கு மேட்டுநிலங்களில் சோளத்தைக் குழிவெட்டிக் கொட்டி வைத்த காலம் உண்டு. ஆனால் அது மனுசர் இருக்கும் இடமல்ல. நெடுநாள் மூடிக் கிடந்த குழியைத் திறந்ததும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தானியம் உள்ளேயிருந்த பிராணவாயுவைத் தீர்த்து, கரியமில வாயுவை நிரப்பி வைத்திருக்கும்.

இப்போது மகளின் சுவருக்கு வருவோம். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். டொரண்டோவில் அது ஏறக்குறைய 10 டிகிரி. ஜூலையின் புழுக்கக் காற்று அந்தக் குளிர்ந்த கான்கிரீட்டில் பட்டால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சில்வர் டம்ளர் போலச் சுவர் வேர்க்கும். வெளிமண்ணிலிருந்து கசிந்தாலும் ஈரம் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம்: புழுக்கமான பகலில் ஜன்னலை மூடி, டீஹியூமிடிஃபயரை ஓட்டச் சொல்லுங்கள். துணியை உள்ளே உலர்த்தக் கூடாது. தாளின் பின்பக்கம் நனைந்தால் கசிவு: வீட்டுக்காரர் வெளிப்புற வடிகாலைச் சரிசெய்ய வேண்டும். அது முடியாமல் பெயிண்ட் அடித்தால் உரிந்து விழும்.

பெயிண்டுக்கு முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். படுக்கையறை இருக்கும் தளத்திலிருந்து நேரே வெளியே போகக் கதவில்லாவிட்டால், அந்தத் தளத்தில் ஆள் தப்பிக்கும் அளவுக்கு ஜன்னல் வேண்டும் என்கிறது ஒண்டாரியோ கட்டட விதி: திறப்பு 0.35 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தீப்பிடித்தால் மாடிப்படி முதலில் புகையால் அடைபடும். மகளை இன்றைக்கே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சோபாவும் திரைச்சீலையும் பிறகு.

தாழ்ந்த கூரையை உயரமாகக் காட்டும் வண்ணம், வெயில் எட்டாத அறைக்கு விளக்கு, கான்கிரீட் தரையின் சில்லிப்பு, இவை மூன்றும் அடுத்த வாரம்.